வேகமான காருக்குப் புது டயர்: கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

செகண்ட் ஹேண்டில் ஒரு ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கியிருக்கிறீர்கள். அல்லது ஆசை ஆசையாய்ப் புதிதாக எடுத்த விர்ட்டஸ் ஜிடி 40,000 கி.மீ. தாண்டிவிட்டது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "சார், நாலு டயரும் மாத்தணும்" என்கிறார்கள். கொட்டேஷனைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போடுகிறது. நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பிராண்ட் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருக் கடையிலோ, "இதே சைஸ் சார், பாதி விலைக்குத் தரேன்" என்கிறார்கள்.

எதை நம்புவது? எதில் பணத்தைச் சேமிக்கலாம், எதில் சேமிக்கவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒன்றரை டன் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வொன்றும் சுமார் ஓர் உள்ளங்கை அளவு. இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும், பிரேக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இரண்டு கார்கள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. இரண்டிலும் ஒரே நொடியில் முழு பிரேக் அடிக்கிறார்கள். முதல் காரின் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.9. இரண்டாவது காருக்கு 0.7. பள்ளி இயற்பியல் சூத்திரப்படி முதல் கார் சுமார் 44 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவதுக்கு 56 மீட்டர் தேவை.

12 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனா, முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு சுமார் 47 கி.மீ. அந்த இடத்தில் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால், ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்றவர் 47 கி.மீ. வேகத்தில் மோதுவார்.

நிஜ சாலையில் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உள்ள விலை வித்தியாசம் எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர் 17 94 டபிள்யூ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே சுமார் 101 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடையிலும் பெரும்பாலும் இதுவரைதான் பேச்சு. ஆனால் வேகமான காருக்குக் கடைசி இரண்டும்தான் முக்கியம்.

94 என்பது சுமைக் குறியீடு. இந்த டயர் அதிகபட்சமாக 670 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோ. சில டயர்களில் எக்ஸ்எல் என்றும் இருக்கும். கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் சுமை தாங்கும் வகை அது. பேட்டரியால் எடை கூடிய மின்சார கார்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

டபிள்யூ என்பது வேகக் குறியீடு. டி என்றால் மணிக்கு 190 கி.மீ., ஹெச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300.

உங்கள் காருக்கு எது தேவை என்று ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ, ஓனர் மேனுவலிலோ இருக்கும். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எதையும் வாங்காதீர்கள்.

"ஹெச் ரேட்டிங் போதும் சார், இங்க யாரு 200-ல போறா?"

கடையில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. நியாயமாகவும் தெரியும். மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையிலேயே கார்களுக்கான உச்சவேகம் 120 கி.மீ.தான். அப்புறம் எதற்கு 270-க்கான டயர்?

காரணம் வெப்பம். சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் டயர் நசுங்கி விரிகிறது. அதில் வெப்பம் உண்டாகிறது. வேகம் கூடினால் வெப்பமும் கூடும். அதிக வேகக் குறியீடு உள்ள டயரில், உள்ளே இருக்கும் எஃகு பெல்ட்டுகளை இறுக்கிப் பிடிக்க நைலான் போன்ற இழைகளால் ஆன கூடுதல் அடுக்குகள் இருக்கும். அவை டயரின் உருவம் கலையாமல் பார்த்துக்கொள்கின்றன.

இந்தக் குறியீடு தருவது ஆய்வகச் சோதனையில், சரியான காற்றழுத்தத்தில், குறிப்பிட்ட சுமையில். மே மாத நாக்பூரை யோசித்துப் பாருங்கள். வெளியே 45 டிகிரி. சாலை அதைவிடக் கொதிக்கிறது. காரில் நான்கு பேர், டிக்கி நிறைய பெட்டி. காற்று அடித்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டம். ஆய்வகத்தில் கிடைத்த பாதுகாப்பு இடைவெளி இங்கே வேகமாகக் கரைகிறது. சம்ருத்தியில் டயர் வெடித்து நடக்கும் விபத்துகள் திரும்பத் திரும்பச் செய்தியாவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதிக வேகக் குறியீடு இருப்பதாலேயே ஒரு டயருக்குப் பிடிப்பு அதிகம் என்று அர்த்தமில்லை. நிறுவனம் வி கேட்டால் வி போதும். பெருமைக்காக ஒய் வாங்க வேண்டாம். கீழே மட்டும் போக வேண்டாம்.

'புது' டயர் நிஜமாகவே புதுசா?

பக்கச்சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மாட்டிய பிறகு உள்பக்கமாகப் போய்விட்டால் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே நான்கு டயரிலும் பாருங்கள்.

ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஆக்சிஜனும் வெப்பமும் அதை மெல்ல இறுக வைக்கும். மிச்செலின், கான்டினென்டல் போன்ற நிறுவனங்கள், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வருடம் ஒருமுறை பரிசோதிக்கவும், பத்து ஆண்டு ஆனதும் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடவும் சொல்கின்றன.

இதில் உலகம் அறிந்த ஒரு உதாரணம் உண்டு. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் விபத்தில் இறந்தார். அவர் பயணித்தது 2005-ம் ஆண்டு மாடல் போர்ஷே கரேரா ஜிடி. மணிக்கு 72 கி.மீ. வரம்புள்ள சாலையில் கார் சுமார் 130 முதல் 150 கி.மீ. வேகத்தில் போனதே காரணம் என்று விசாரணை சொன்னது. கூடவே இன்னொன்றையும் குறிப்பிட்டது: டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை. அதிகம் ஓடாமல் பொத்திப் பாதுகாக்கப்பட்ட கார்களில்தான் இப்படி நடக்கும். டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வேகமான கார் வாங்கும் யாருக்கும் இது பொருந்தும். "டயர் நல்லா இருக்கு சார், பட்டன் அப்படியே இருக்கு பாருங்க" என்று விற்பவர் சொன்னால், முதலில் அந்த நான்கு எண்களைப் பாருங்கள்.

கடையில் ஓராண்டுக்கு உட்பட்ட டயரைக் கேளுங்கள். கிடைக்காத அளவாக இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அதற்கேற்ற விலைக் குறைப்பைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பெரிய ரிம் போட்டால் கார் இன்னும் நன்றாக ஓடுமா?

பார்க்க கெத்தாக இருக்கும். மற்றதெல்லாம் லாப நஷ்டக் கணக்கு.

விர்ட்டஸ், ஸ்லாவியா ஆகிய கார்களில் வரும் 205/55 ஆர் 16 அளவை எடுத்துக்கொள்வோம். டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ., பக்கச்சுவர் 113 மி.மீ. இதை 225/45 ஆர் 17-க்கு மாற்றினால் மொத்த விட்டம் 634 மி.மீ. ஏறக்குறைய அதேதான். ஸ்பீடோமீட்டரில் பெரிய மாற்றம் இருக்காது. பக்கச்சுவர் மட்டும் 101 மி.மீ. ஆகிவிடும். இன்னும் ஒரு படி மேலே போய் 225/40 ஆர் 18 போட்டால் பக்கச்சுவர் 90 மி.மீ.

பக்கச்சுவர் குட்டையானால் வளைவுகளில் டயர் அதிகம் நெளியாது. ஸ்டீயரிங் கூர்மையாகும். இது லாபம். நஷ்டம் என்ன? அந்த 23 மி.மீ. காற்றும் ரப்பரும்தான் குழிக்கும் உங்கள் அலாய் ரிம்முக்கும் இடையில் இருந்த மெத்தை. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டின் ஒரு குழியோ, மழைக்குப் பிந்தைய புனே சாலையோ போதும். பக்கச்சுவரின் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து டயர் ஒரு பக்கம் வீங்கும். அந்த வீக்கத்தை ரிப்பேர் செய்யவே முடியாது. அந்த டயரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் நிர்ணயித்த விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் காரின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்கு நிறுவனமே அந்தப் பெரிய அளவைத் தந்திருந்தால் சிக்கல் குறைவு. அதைத் தாண்டிப் போனால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயரிடம் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

எந்த வகை டயர் எனக்குச் சரி?

பிராண்டுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இது. தோராயமாக மூன்று வகைகள்.

முதலாவது, டூரிங் டயர். சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை, ஆயுள் அதிகம். தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை ஊருக்கு என்று ஓட்டுபவர்களுக்கு இது தாராளமாகப் போதும். கார் வேகமானது என்பதற்காக டயரும் பந்தய வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, அல்ட்ரா ஹை பர்ஃபார்மன்ஸ் வகை. மென்மையான ரப்பர் கலவை, இறுக்கமான பக்கச்சுவர், ஈரத்திலும் உலர்ந்த சாலையிலும் நல்ல பிடிப்பு. சீக்கிரம் தேயும், விலையும் அதிகம். மலைப்பாதை, அடிக்கடி நீண்ட நெடுஞ்சாலை ஓட்டம், 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கார் என்றால் இதுதான் சரியான இடம். மிச்செலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, யோகோஹாமா அட்வான், அப்போலோவின் விரெடஸ்டீன் அல்ட்ராக் போன்றவை இந்த வரிசை.

மூன்றாவது, டிராக் டயர். சூடான பிறகு பசை போலப் பிடிக்கும். ஆனால் பள்ளங்கள் குறைவு. இருங்காட்டுக்கோட்டையிலோ கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டிலோ டிராக் டே ஓட்டுபவர்கள் தனி செட்டாக வைத்துக்கொள்ளலாம். மும்பை ஜூலை மழைக்கு இது ஆகவே ஆகாது.

வித்தியாசத்தை அறிய ஒரு துப்பு: பல டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்ற எண் இருக்கும். அமெரிக்க அரசின் தரவரிசை முறை இது. 200 அளவில் இருந்தால் டிராக் பக்கம் சாய்ந்தது. 300-ஐ ஒட்டி இருந்தால் பர்ஃபார்மன்ஸ். 400-க்கு மேல் என்றால் நீண்ட ஆயுளை நோக்கியது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தரும் எண் என்பதால், ஒரே பிராண்டுக்குள் ஒப்பிடத்தான் இது உதவும்.

'ஆல் சீசன்' என்ற பெயரைப் பார்த்து மழைக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். அது லேசான பனிக்கும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது. இந்தியச் சமவெளிக்கு 'சம்மர்' டயர்தான் சரி. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுக ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் லடாக், ஹிமாச்சல் என்று கிளம்புபவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்தால் போதும்.

மழையில் எந்த டயர் நிற்கும்?

வேகமான காரில் வரும் அகலமான டயருக்கு ஒரு பலவீனம் உண்டு. தேங்கிய தண்ணீரைக் கிழித்துப் போக முடியாமல் அதன் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேச்சுக்கு மட்டும்தான்.

1960-களில் நாசா விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து ஓர் எளிய சூத்திரம் தந்தது. மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அதன்படி 33 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 96 கி.மீ. வேகம். காற்று இறங்கி 25 பிஎஸ்ஐ ஆனால் சுமார் 83 கி.மீ. கார் டயரில் அகலமும் பள்ளங்களின் ஆழமும் இந்த எண்களை மாற்றும். ஆனால் காற்று குறைந்தால் ஆபத்து முன்கூட்டியே வரும் என்பது மாறாது.

சட்டப்படி கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அது மொட்டை டயர். ஆனால் 1.6 என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. புது டயரில் 7, 8 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததுமே, அதுவும் பருவமழைக்கு முன்பே, மாற்றுவது நல்லது.

வாங்கும்போது ஈரப்பிடிப்பை எப்படி அறிவது? இந்தியாவில் ஏஐஎஸ் 142 என்ற தரவிதிப்படி ஈரப்பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, சத்தம் ஆகியவற்றில் ஒவ்வொரு டயரும் குறைந்தபட்ச அளவைத் தாண்ட வேண்டும். புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரலிலும் இது அமலுக்கு வந்தது. இது பாஸ் மார்க் மாதிரி. 35 வாங்கியவரும் 95 வாங்கியவரும் பாஸ்தான்.

எரிசக்தி சிக்கன வாரியத்தின் நட்சத்திர லேபிள் முக்கியமாக எரிபொருள் சேமிப்பைப் பற்றியது. ஐந்து ஸ்டார் இருந்தால் பிடிப்பும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவிலோ ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தனித் தரம் உண்டு. நீங்கள் பார்க்கும் மாடல் அங்கேயும் விற்பனையில் இருந்தால், அதே அளவுக்கான தரத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு கலவை மாறலாம் என்பதால் இதை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

கேட்ட டயர் ஏன் கிடைப்பதில்லை?

"அந்த சைஸ் ஸ்டாக் இல்ல சார், ரெண்டு மாசம் ஆகும்" என்பதற்குப் பின்னால் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. அதாவது, இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பது நோக்கம். சாதாரண அளவுகளுக்கு இது பெரிய பாதிப்பில்லை. 18, 19 அங்குல பர்ஃபார்மன்ஸ் டயர்களுக்குத்தான் தட்டுப்பாடு தெரிந்தது.

இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ் 15633 என்பது அதற்கான தரம். "ஃபாரின் பீஸ் சார்" என்று முத்திரை இல்லாத டயரை யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம்.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2009-ல் நெதர்லாந்தின் விரெடஸ்டீனை வாங்கிய அப்போலோ, 2021-ல் அந்த பிராண்டை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எம்ஆர்எஃப், சியட், ஜேகே ஆகியவையும் பர்ஃபார்மன்ஸ் வரிசையில் டயர் விற்கின்றன. சென்னை அருகே லாரி, பஸ் டயர் தயாரித்துவந்த மிச்செலின், அங்கேயே கார் டயரும் தயாரிக்கப்போவதாக 2024-ல் அறிவித்தது.

விலையிலும் சின்ன நிம்மதி. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள டயர் 12,800-க்குப் பதில் 11,800. நான்குக்கு 4,000 ரூபாய் மிச்சம்.

ரன்-ஃபிளாட், நட்சத்திரக் குறி: இவையெல்லாம் கட்டாயமா?

பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் ரன்-ஃபிளாட் டயர் வரும். பஞ்சர் ஆனாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டலாம். பக்கச்சுவர் கடினமாக இருப்பதால் குழிகளில் தூக்கிப்போடும். அதனால் பலர் சாதாரண டயருக்கு மாறுகிறார்கள். ஓட்டம் மென்மையாகும், செலவும் குறையும். ஆனால் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் கட்டாயம். பக்கச்சுவர் கிழிந்தால் கிட் உதவாது என்பதையும் தெரிந்தே மாறுங்கள். ஒரே காரில் இரண்டையும் கலக்கக் கூடாது.

பக்கச்சுவரில் நட்சத்திரம் இருந்தால் பிஎம்டபிள்யூவுக்கும், எம்ஓ என்றால் மெர்சிடிஸுக்கும், ஏஓ என்றால் ஆடிக்கும், என் எழுத்தோடு ஓர் எண் இருந்தால் போர்ஷேவுக்கும் என்று தனியாக மெருகேற்றப்பட்டது என்று அர்த்தம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அளவு, சுமை, வேகக் குறியீடு பொருந்தும் நல்ல டயர் போதும். வாரன்டியில் இருக்கும் கார் என்றால் மட்டும் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா?

முடிந்தால் நான்கும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் கார் என்றால் நான்கும்தான். டயர்களின் விட்டத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசமே கியர் அமைப்புக்குச் சுமையாகும். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் மேனுவலில் இருக்கும்.

முன் சக்கர இயக்கக் காரில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். பட்ஜெட் இடித்தால் இரண்டு மாற்றலாம். ஆனால் புதிய இரண்டையும் எங்கே போடுவது? முன்னால் என்றுதான் பலரும் நினைப்பார்கள். டயர் நிறுவனங்கள் பின்னால் போடச் சொல்கின்றன. ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைத் திருத்துவது எல்லோராலும் ஆகாது.

ஒரே அச்சில் இரண்டு வேறு பிராண்ட் டயர்கள் வேண்டவே வேண்டாம். பழைய டயரில் பட்டன் வெட்டிப் புதிதுபோலக் காட்டும் டயர்கள் பக்கமே போகாதீர்கள்.

இன்சூரன்ஸ் பணம் தருமா?

குழியில் விழுந்து டயர் மட்டும் வீங்கினால், வழக்கமான சொந்தச் சேத பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. அதே சமயத்தில் காருக்கும் சேதம் ஏற்பட்டிருந்தால்தான் டயர் செலவில் 50 சதவீதம் வரை கிடைக்கும். குட்டைப் பக்கச்சுவர் டயர் போட்ட காருக்கு, டயர் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுப்பது யோசிக்கத்தக்கது. தேய்மானத்தைப் பொறுத்து எவ்வளவு தருவார்கள் என்ற விதியைப் படித்துவிட்டு எடுங்கள்.

மாட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே செய்யுங்கள். புது வால்வு போடச் சொல்லுங்கள். பில்லில் டயரின் வரிசை எண் இருக்கட்டும். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். சுழலும் திசை அம்புக்குறியோ, 'வெளிப்பக்கம்' என்ற குறியோ இருந்தால் சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று நீங்களே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழவழப்பு போக வேண்டும்.

காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன், மாதம் இருமுறையாவது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன்தான் வேண்டுமா? சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் சரி. அதற்காகக் காற்று பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

சரி, கடைசியாக என்ன முடிவு எடுப்பது?

வரிசை முக்கியம். முதலில் அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு, தயாரிப்புத் தேதி. இந்த நான்கிலும் பேரம் கிடையாது. இரண்டாவது, உங்கள் சாலை எது, உங்கள் மழை எது, நீங்கள் உண்மையில் எப்படி ஓட்டுகிறீர்கள். மூன்றாவதாகத்தான் பிராண்டும் விலையும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இரண்டு செட்டுகளுக்கு இடையே 16,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 கி.மீ. ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு 40 பைசா. ஆரம்பத்தில் பார்த்த அந்த 12 மீட்டருக்கு நீங்கள் தரும் விலை அவ்வளவுதான். பட்ஜெட் நிஜமாகவே இடிக்கிறது என்றால், அலாய் வீலையும் எக்ஸாஸ்டையும் தள்ளிப்போடுங்கள், டயரைத் தள்ளிப்போட வேண்டாம்.